கால் சில்லிட்டா வெந்நீர் வைக்கலாமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கருவடிக்குப்பம் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "வீட்டு வைத்தியம்". நேரம் பதினைந்து நிமிஷம். வீட்டு வைத்தியம்னு ஆரம்பிச்சா நம்ம ஆளுங்களுக்குப் பதினைந்து நாள் போதாது. ஆளுக்கு நாலு வைத்தியம் கையில வச்சிருக்கோம். அதனால ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துக்கிறேன். காலு எந்நேரமும் சில்லுன்னு இருக்கிறது.

சிலர் சிரிக்கிறீங்க. புதுச்சேரி வெயில்ல காலு சில்லிடுதான்னு கேக்குறீங்க. சரி, கையைத் தூக்குங்க பார்ப்போம். ராத்திரி படுத்தா பாதம் மட்டும் ஐஸ் மாதிரி இருக்குறவங்க எத்தனை பேர்? பாருங்க, சிரிச்ச அக்காவும் கையைத் தூக்குறாங்க.

மார்கழியில ஈரத் தரையில நின்னு கோலம் போடுறோம். துணிக்கடையில வேலை பாக்குற பொண்ணுங்க பத்து மணி நேரம் ஏசியில, டைல்ஸ் மேல நிக்குறாங்க. சோலை நகர், வைத்திக்குப்பம் பக்கத்துல மீன் விக்கிற அக்காங்களுக்கு ஐஸ் தண்ணி காலுல சொட்டிக்கிட்டே இருக்கும். இதெல்லாம் வெளியிலிருந்து வர்ற குளிர். உடம்புக்குக் குளிர் பட்டதும் முதல்ல கை, கால் தோல்ல இருக்குற சின்னச் சின்ன ரத்தக் குழாயை அது சுருக்கிடும். உள்ளே இருக்குற இதயம், ஈரல், மூளைக்குச் சூடு குறையக் கூடாதுன்னு செய்யுற ஏற்பாடு அது. நம்ம வீட்டுல சோறு பத்தலைன்னா கடைசியா சாப்பிடுறவளுக்குத்தானே குறையும்? உடம்புல அந்தக் கடைசி ஆள் பாதம்.

இந்த மாதிரிக் குளிருக்கு நம்ம கைவைத்தியம் நல்லாவே வேலை செய்யும். அதைச் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி என் வீட்டுல நடந்ததைச் சொல்லணும். இதைச் சொல்லத்தான் நான் மேடை ஏறவே சம்மதிச்சேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி, மார்கழி மாசம். என் மாமியார், நான் அத்தைன்னு கூப்பிடுவேன், ரெண்டு மூணு வாரமா "காலு சில்லுன்னு இருக்குடி, மரத்துப் போன மாதிரி இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு அப்பவே பதினோரு வருஷமா சர்க்கரை. நான் என்ன பண்ணேன்? நம்ம எல்லாரும் செய்யுறதைத்தான் செஞ்சேன். ரப்பர் வெந்நீர்ப் பை வாங்கிட்டு வந்து, தண்ணியைக் கொதிக்க வச்சு ஊத்தி, ஒரு துண்டைச் சுத்தி, அவங்க குதிகாலுக்கு அடியில வச்சேன். "சூடு போதுமா அத்தை?"ன்னு கேட்டேன். "சூடே தெரியலைடி, இன்னும் கொஞ்சம் சூடா வையேன்"னாங்க. நான் துண்டை எடுத்துட்டு வச்சேன்.

காலையில பார்த்தா ரெண்டு குதிகாலும் கொப்புளம். ஒண்ணு உடைஞ்சு பாய்விரிப்பெல்லாம் ஈரம். அவங்களுக்கு வலிக்கவே இல்லை. அதுதான் எனக்கு பயமா இருந்தது. வலிச்சிருந்தா ராத்திரியே கத்தியிருப்பாங்க, நானும் எடுத்திருப்பேன்.

இடது காலு ஒன்றரை மாசத்துல ஆறிடுச்சு. வலது காலுக்கு அஞ்சு மாசம் கட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டோ. குழுவுல உள்கடன் பதினைந்தாயிரம் எடுத்தேன். அந்த வருஷம் தையல் மெஷினுக்கு மோட்டார் போடணும்னு நினைச்சு வச்சிருந்த பணமும் அதோட போச்சு. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லலை. அத்தையும் சொல்லலை. ஆனா நான் வச்ச சூடு அது. அவங்க கேட்டாங்கன்னு வச்சேன், ஆசையா வச்சேன், அதனால இல்லைன்னு ஆயிடாது.

அந்த அஞ்சு மாசமும் கட்டு கட்டுற இடத்துல உக்காந்து உக்காந்து, நர்ஸம்மா, டாக்டரம்மா எல்லாரையும் தொந்தரவு பண்ணிக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இனிமே சொல்லப் போறேன்.

முதல்ல, "சில்லுன்னு இருக்கு"ன்னு ஒருத்தர் சொன்னா, அவங்க காலைத் தொட்டுப் பாருங்க. உள்ளங்கையால வேணாம், புறங்கையால. குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்போமே, அது மாதிரி. தொட்டாலும் சில்லுன்னு இருந்தா ஒரு கதை. அவங்களுக்குச் சில்லுன்னு இருக்கு, ஆனா நம்ம தொட்டா வெதுவெதுப்பா இருக்குன்னா அது வேற கதை. அங்க ரத்தம் ஓடுது, சேதி கொண்டு போற நரம்புதான் தப்பா சொல்லுது. என் அத்தை கால் அப்படித்தான் இருந்திருக்கணும். நான் தொட்டே பார்க்கலை.

சர்க்கரை பல வருஷம் கட்டுப்படாம இருந்தா, உடம்புலேயே நீளமான நரம்பு முதல்ல கெடும். நீளமான நரம்பு போய் முடியுற இடம் பாதம். அதனாலதான் எரிச்சல், குத்தல், பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கிறது, சில்லுன்னு இருக்கிறது எல்லாம் விரல்ல ஆரம்பிச்சு மேல ஏறும். கடைசியில ஒண்ணுமே தெரியாது. எரிச்சல் நின்னு போச்சுன்னு சந்தோஷப்படுறவங்க இருக்காங்க. குணமாகாம, உணர்ச்சி செத்துப் போனாலும் எரிச்சல் நிக்கும். சாயங்காலம் வந்து பார்த்தா செருப்பு காலுல இல்லை, எங்க கழண்டுச்சுன்னே தெரியலைன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அது மறதி இல்லைங்க.

இது யாருக்கோ வர்றதுன்னு நினைக்காதீங்க. ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க எடுத்த ஆய்வு 2023-ல வெளிவந்தது. இருபது வயசுக்கு மேற்பட்டவங்கள்ல சர்க்கரை நோய் நாடு முழுக்க 11.4 சதவீதம். கோவாவில 26.4. அதுக்கு அடுத்த இடம் நம்ம புதுச்சேரி, 26.3. நாலு பேருக்கு ஒருத்தர். உங்க வரிசையில நாலு நாற்காலியை எண்ணிப் பாருங்க.

உணர்ச்சி இல்லாத காலுக்கு என்ன ஆகும்ங்கிறதை உலகத்துக்குப் புரிய வச்சதே நம்ம பக்கத்து வேலூர்தான். டாக்டர் பால் பிராண்ட்னு ஒருத்தர், 1914-ல கொல்லிமலையில பொறந்த வெள்ளைக்காரர், வேலூர் சி.எம்.சி.யில தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். அப்போ எல்லாரும் தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழும்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. அவர் ஒவ்வொரு புண்ணும் எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினார். சூடான பாத்திரத்தைப் பிடிச்சது, ஆணியை மிதிச்சது, கல்லோட நடந்தது. வலி தெரியாததால அவங்க கையை எடுக்கலை, காலை எடுக்கலை. விரலைத் தின்னது நோய் இல்லை, வலி இல்லாம போனது. இன்னைக்குச் சர்க்கரைக்காரங்களுக்கு எம்.சி.ஆர். செருப்புன்னு மெத்துன்னு ஒண்ணு குடுக்கிறாங்களே, அதுவும் தொழுநோயாளிகளோட பாதத்தைக் காப்பாத்த வந்த செருப்புதான். என் அத்தை இப்போ அதைத்தான் வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கிறாங்க. பூஜை அறைக்கு மட்டும் தனியா ஒரு ஜோடி.

அதனால நான் கும்பிட்டுக் கேட்டுக்கிறது இதுதான். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு, கால் மரத்துப் போனவங்களுக்கு, வெந்நீர்ப் பை வேண்டாம். வெந்நீர்ல காலை ஊற வைக்கிறதும் வேண்டாம். உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், நொச்சி இலை ஒத்தடம், அடுப்பு ஓரம் காலைக் காட்டுறது, செங்கல்லைச் சுட வச்சுத் துணி சுத்தி மிதிக்கிறது, ஒண்ணும் வேண்டாம். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போறோம், மத்தியான வெயில்ல வெறுங்காலோட மணல்ல நடக்கிறோம். கோயில்ல கருங்கல் தரையில சுத்துறோம். சாமி கோவிச்சுக்க மாட்டார்ங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போயிட்டு வாங்க. இல்லைன்னா தடிமனான சாக்ஸ் போட்டுக்கிட்டு நடங்க.

இப்போ தொட்டாலும் சில்லுன்னு இருக்கிற கால். இதுல நம்ம பெண்களுக்கு முதல் சந்தேகம் ரத்த சோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல, 15 முதல் 49 வயசு வரைக்கும் உள்ள இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தம் குறைவு. படி ஏறினா மூச்சு வாங்குது, தலை சுத்துது, முகம் வெளுத்திருக்கு, காலு சில்லுன்னு இருக்குன்னா எண்ணெய் தேய்க்கிறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் பாருங்க. பன்னிரண்டுக்குக் கீழ இருந்தா ரத்த சோகை. கர்ப்பிணிக்குப் பதினொண்ணு. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க, நல்லது. ஆனா எட்டு இருக்கிறவளுக்குக் கீரை மட்டும் போதாது, மாத்திரை வேணும். மாத்திரை போட்டா மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. சோறு சாப்பிட்ட கையோட டீ குடிக்கிற பழக்கத்தை விடுங்க, டீ இரும்புச் சத்தை உள்ளே சேர விடாது. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. சோத்தோட எலுமிச்சை, நெல்லிக்காய் ஏதாவது இருந்தா இரும்பு நல்லாச் சேரும். மாசா மாசம் தீட்டு அதிகமாப் போகுதுன்னா அதையும் வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஓட்டையை அடைக்காம குடத்துல தண்ணி ஊத்தி என்ன பண்ண?

அடுத்தது தைராய்டு. எல்லாருக்கும் வேர்க்கும்போது இவளுக்கு மட்டும் குளிரும். உடம்பு கூடும், முடி கொட்டும், மலச்சிக்கல், சோர்வு. சோம்பேறின்னு வீட்டுல பேரு வாங்கினதுதான் மிச்சம். டி.எஸ்.எச்.னு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். சில மாத்திரையாலும் கை கால் சில்லிடும். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் குடுக்கிற அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி. அதுக்காக நீங்களே நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. டாக்டர்கிட்ட சொன்னா அவங்களே மாத்திக் குடுப்பாங்க.

ஒரு கால் மட்டும் சில்லுன்னு இருந்தா அதை இந்தக் கணக்கில சேர்க்கவே கூடாது. அது ரத்தக் குழாய் அடைப்பா இருக்கலாம். கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும், நின்னா சரியாயிடும், திரும்ப நடந்தா திரும்பப் பிடிக்கும். காலுல முடி உதிர்ந்து தோல் பளபளன்னு ஆயிடும். சின்னக் கீறல் கூட ஆறாது. பீடி குடிக்கிற ஆம்பளைங்களுக்கு நாற்பது வயசுக்குள்ளேயே இது வந்து விரலை எடுக்கிற நிலைமை வரும். பியூர்கர் நோய்னு பேரு. அதுக்கு முதல் மருந்து பீடியை அடியோட விடுறது, அதை விடாம வேற எது செஞ்சும் பிரயோஜனம் இல்லை. நம்ம மட்டும் என்ன, வெத்திலையோட புகையிலை போடுறோமே, அதுவும் குழாயைச் சுருக்கத்தான் செய்யும். அடைப்பு இருக்கிற காலுக்கும் சூடு கூடாது. சூடு பட்ட சதைக்கு ரத்தம் அதிகம் வேணும், வர்ற வழியே அடைச்சிருக்கு, அப்புறம் அந்தச் சதை செத்துத்தான் போகும்.

திடீர்னு ஒரு கால் ஐஸ் மாதிரி ஆகி, வெளுத்து, தாங்க முடியாம வலிச்சு, விரலை அசைக்க முடியலைன்னா வீட்டுல எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு உக்காராதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க, ஜிப்மரோ கதிர்காமமோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள போனா காலைக் காப்பாத்த வாய்ப்பு அதிகம். "காலையில பார்த்துக்கலாம்"ங்கிற பேச்சே கிடையாது.

ரொம்ப பயமுறுத்திட்டேன். இதுல எதுவும் இல்லை, சர்க்கரை இல்லை, மரத்துப் போகலை, ரத்தம் சரியா இருக்கு, சும்மா மார்கழிக்கும் ஏசிக்கும்தான் சில்லிடுதுன்னா, இப்போ கைவைத்தியத்துக்கு வருவோம். இது எனக்குப் பிடிச்ச பகுதி.

வெந்நீர் வைக்கலாம். குளிக்கிற சூடு போதும், கொதிச்சதெல்லாம் வேண்டாம். முழங்கையை விட்டுப் பாருங்க, குழந்தையைக் குளிப்பாட்ட எந்தச் சூடோ அது. பத்து நிமிஷம். எடுத்ததும் விரல் இடுக்குல ஈரம் இல்லாம துடைச்சிடுங்க, இல்லைன்னா சேத்துப்புண் வரும். உப்புப் போட்டாலும் சரி, போடாட்டாலும் சரி, வேலை செய்யுறது சூடுதான்.

நல்லெண்ணெய் தேய்க்கிறது. எண்ணெய் சூடுன்னு சொல்றோம். உண்மையில பாதி வேலை எண்ணெய், பாதி வேலை கை. கீழிருந்து மேல கெண்டைக்கால் வரைக்கும் அழுத்தித் தேய்ச்சா ரத்தம் ஓடும். கற்பூரம் போட்டுக் காய்ச்சுறவங்க கொஞ்சமாப் போடுங்க, புண் மேல படக் கூடாது, அந்தப் பாட்டில் குழந்தை கையில கிடைக்கவே கூடாது, கற்பூரம் வயித்துக்குள்ள போனா விஷம். தேய்ச்ச காலோட மொழுமொழுன்னு இருக்கிற தரையில நடந்து விழுந்தவங்களையும் எனக்குத் தெரியும், அதனால படுக்கையில உக்காந்து தேய்ங்க.

சுக்குக் காபி குடிங்க. உடம்பு வெதுவெதுன்னு இருக்கும், நல்லாத்தான் இருக்கும். கருப்பட்டி சர்க்கரை இல்லைன்னு நினைச்சுச் சர்க்கரைக்காரங்க ரெண்டு டம்ளர் குடிக்காதீங்க, அதுவும் ஏத்தும்.

பருத்தி சாக்ஸ். கெண்டைக்கால்ல ரப்பர் தடம் பதியற மாதிரி இறுக்கமா இருக்கக் கூடாது. சர்க்கரை இருக்கிறவங்களும் தைரியமா செய்யக் கூடிய ஒரே சூடு வைத்தியம் இதுதான், தினம் துவைச்சது, உள்ளே தையல் உறுத்தாதது. காலுக்கு மட்டும் இல்லாம மேலுக்கும் ஒரு போர்வையைப் போத்திக்கோங்க. உடம்பு சூடானா அது பாதத்துக்கு ரத்தத்தைத் தானா அனுப்பும். இன்னொண்ணு, மெட்டி. கல்யாணத்தப்போ போட்டது, விரல் பருத்துப் போச்சு, கழட்ட வரலைன்னு இருக்கிறவங்க இருக்கீங்க. விரல் இறுகிப் போற அளவுக்கு இருந்தா தட்டாரிடம் போய் வெட்டிப் பெருசாக்கிப் போட்டுக்கோங்க, ஒண்ணும் ஆகாது.

இதை எல்லாம் விடச் செலவில்லாத வைத்தியம் குதிகாலைத் தூக்கி இறக்குறது. நின்ன இடத்துல இருபது தடவை. கெண்டைக்கால் சதை பிழிஞ்சு ரத்தத்தை மேல அனுப்பும். தையல்காரங்க உக்காந்தபடியே செய்யலாம். அந்தக் காலத்து மெஷின்ல காலு மிதிச்சுக்கிட்டே இருக்கும். இப்போ மோட்டார் போட்டு விட்டோம், கை ஓடுது, காலு சும்மா தொங்குது. எனக்கு மோட்டார் தள்ளிப் போனது ஒரு விதத்துல நல்லதுன்னு அத்தை கிண்டல் பண்ணுவாங்க.

இப்போ முன்வரிசையில இருந்து ஒரு தங்கச்சி சீட்டு எழுதிக் குடுத்திருக்கு. "மரத்துப் போச்சா இல்லையான்னு வீட்டுலயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?" நல்ல கேள்வி. இங்கிலாந்துல இப்ஸ்விச்ங்கிற ஊர் டாக்டர்கள் ஒரு சோதனை சொல்லியிருக்காங்க, கருவி எதுவும் வேண்டாம், ஒரு விரல் போதும். உங்களைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லிட்டு, இன்னொருத்தர் உங்க காலுல கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் நுனிகளை ஆள்காட்டி விரலால மெதுவாத் தொடணும். ஒரு ரெண்டு நொடி. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. வரிசையாத் தொடாம மாத்தி மாத்தித் தொடணும். தொட்டது தெரிஞ்சதும் வலதா இடதான்னு நீங்க சொல்லணும். ரெண்டு காலும் சேர்த்து ஆறு விரல். அதுல ரெண்டோ அதுக்கு மேலேயோ தெரியலைன்னா உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், டாக்டரைப் பாருங்க. அவங்க பத்து கிராம் நைலான் இழையை வச்சுச் சரியாச் சோதிப்பாங்க. சர்க்கரைக்கு ரொம்ப வருஷமா மெட்ஃபார்மின் போடுறவங்க பி12 குறைஞ்சிருக்கான்னும் அப்பவே கேட்டுடுங்க. அது குறைஞ்சாலும் காலு மரத்துப் போகும், ஊசி மாத்திரையில சரி பண்ண முடியும்.

எங்க குழுவுல போன கூட்டத்திலிருந்து இதை ஆரம்பிச்சிருக்கோம். சேமிப்புப் பணம் கட்டி முடிச்சதும், பாயை விரிச்சு ரெண்டு ரெண்டு பேரா உக்காந்துக்கிறோம். ஒருத்தர் காலை இன்னொருத்தர் பார்க்கிறது. பதினாறு பேர்ல மூணு பேருக்கு விரல் தெரியலை. அதுல ஒருத்தருக்குச் சர்க்கரை இருக்கிறதே அதுவரைக்கும் தெரியாது. உள்ளங்காலையும் திருப்பிப் பார்க்கிறோம், வெடிப்பு, முள், கொப்புளம் இருக்கான்னு. சம்பந்திக்குச் சம்பந்தி காலைத் தொடலாமான்னு முதல்ல ஒரு கூச்சம் இருந்தது, இப்போ இல்லை. என் அத்தையும் வந்து உக்காருறாங்க. அவங்க காலை நான்தான் பார்க்கணும்னு பிடிவாதம்.

மத்த குழுக்களும் செய்றதா இருந்தா சொல்லுங்க, நாங்க ரெண்டு பேர் வந்து காட்டித் தர்றோம். கூட்டத்துக்கு வர்ற அன்னைக்குக் காலைக் கழுவிட்டு மட்டும் வாங்க.